அம்மா போகலாமா?

"கெட்டுப்போச்சுன்னு லிஃப்ட்டுக்கே தெரியுமா சித்தி?"

சிட்டு இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. ரயில் நிலையத்தின் நடைமேடையில், மூடிய லிஃப்ட் கதவுக்கு முன்னால் மூன்று பேர் நின்றிருந்தார்கள். சரியாகச் சொன்னால் இரண்டு பேர்தான் நின்றிருந்தார்கள். சிட்டுவின் அம்மா சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மேலே ஏறினால் தெரு, தெருவைக் கடந்தால் சிட்டுவின் பள்ளி. பள்ளியில் அன்று ஒரு நாடகம். அதில் சிட்டு ஒரு மரம்.

"உள்ளுக்குள்ள ஒரு சின்ன சிவப்பு விளக்கு எரியும். அதனால தெரியும்னுதான் நினைக்கிறேன்," என்றாள் சித்தி.

"அப்போ நாம வீட்ல இருக்கும்போதே ஏன் சொல்லல?"

"அதுக்கு நம்ம போன் நம்பர் தெரியாதுடி," என்றாள் அம்மா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அவள் விரல்கள் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்ததைச் சித்தி பார்த்தாள்.

படியேறிச் சித்தியோடு போயிருக்கலாம். அம்மா வராமல் போக மாட்டேன் என்று சிட்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்று ஒரு மரம் குறைவாகவே அந்தக் காடு நடந்து முடிந்தது.

சிட்டுவுக்குச் சித்தி, அவள் அம்மாவுக்குத் தங்கை. இந்தக் கதையில் அவளைத் தங்கை என்றே சொல்லலாம். ஒரு சிறிய நிறுவனத்தில் வலைத்தளங்கள் கட்டுவது அவள் வேலை. அக்காவின் வீட்டிலேயே, துணி காயப்போடும் பலகணியை ஒட்டிய சின்ன அறையில் இருந்தாள். சிட்டுவின் கேள்வியை மற்றவர்கள் அன்றைக்கே மறந்துவிட்டார்கள். தங்கைக்கு மட்டும் அது செருப்பில் புகுந்த கல்லைப்போல உறுத்திக்கொண்டே இருந்தது.

ரயில் எங்கே வருகிறது என்று ரயில் நிறுவனத்துக்குத் தெரியும். தாழ்தளப் பேருந்து எந்தத் திருப்பத்தில் நிற்கிறது என்று பேருந்து நிறுவனத்துக்குத் தெரியும். எத்தனை மணிக்கு மழை பிடிக்கும் என்று வானிலைத் தளத்துக்குத் தெரியும். ஆளுக்கு ஒன்று தெரியும், ஆனால் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதில்லை, ஒரே வீட்டில் கோபித்துக்கொண்டவர்கள் மாதிரி. வெளியே கிளம்ப வேண்டிய மனிதர்தான் நாலு இடத்தில் போய் நாலு கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது.

அடுத்த ஆண்டு அந்தக் கேள்விக்கு அவசரம் வந்தது. அக்கா நோய்வாய்ப்படுவதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நுண்ணோக்கி பார்க்கிற வேலையில் இருந்தாள். முதுகுத் தண்டில் வந்த காய்ச்சல் அவள் கால்களை எடுத்துக்கொண்டது, கண்களை விட்டுவைத்தது. ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு அதே கூடத்தின் டாக்டரம்மா கூப்பிட்டு அனுப்பினார்.

"உன்னை மாதிரி செல்லைப் பார்க்கிற கண்ணு எனக்கு இன்னும் கிடைக்கல. ஆனா எட்டு மணிக்கு ரத்தம் வந்துடும். வந்த ரத்தம் யாருக்காகவும் காத்திருக்காது. முப்பது வேலை நாள் வந்து காட்டு. மூணு தடவை லேட் ஆனா, எனக்கு வேற வழி இல்லம்மா."

அவர் கடுமையானவர் அல்ல. ரத்தம் உறைவது எந்த மேலாளரின் குணத்தையும் பொறுத்தது இல்லை.

அக்கா அன்று மாலை, ஐந்து ஆண்டுகளாக அலமாரியில் மடித்து வைத்திருந்த வெள்ளைக் கோட்டை எடுத்து, அதில் இல்லாத ஒரு கறையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். தங்கை தன் மடிக்கணினியைச் சமையலறை மேசைக்குக் கொண்டுவந்தாள்.

ரயில், பேருந்து, வானிலை மூன்றும் எளிதாகக் கிடைத்தன. கேட்கிற பக்கங்களுக்குத் தங்கள் தகவலைக் கொடுக்க அந்தத் தளங்கள் ஒரு பின்வாசலைத் திறந்து வைத்திருந்தன. லிஃப்ட்டுக்குத்தான் வாசலே இல்லை. நான்கு நாள் தேடிய பிறகு, யாரும் எட்டிப் பார்க்காத ஒரு மூலையில் ஒரு பட்டியல் அகப்பட்டது. அந்த ரயில் பாதையின் ஏழு நிலையங்கள், பதினோரு லிஃப்ட்டுகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'ஓடுது' அல்லது 'பழுது'. தினமும் காலை ஐந்து மணிக்கு மேல் யாரோ ஒருவர் அதைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். சிலவற்றின் பக்கத்தில் ஒரு குறிப்பும் இருந்தது. 'கதவு சிணுங்குது, ஆனா ஓடுது.' 'நேத்து முறைச்சுக்கிட்டு நின்னான். இன்னைக்கு சமாதானம்.'

"இது யாரோ லிஃப்ட்டைப் பெத்தவரு," என்றார் அத்தான். அவர் அடுமனையில் இரவு வேலை. காலை ஆறு மணிக்கு ரொட்டி வாசனையோடு வீட்டுக்கு வருவார். அவர் வந்த பிறகுதான் வீட்டுக்கு விடியும்.

நான்கு தகவலும் தங்கையின் பக்கத்தில் வந்து சேர்ந்து ஒரே ஒரு பதிலாக ஆயின. அதற்குக் கீழே பதினோரு லிஃப்ட்டுகளின் நிலையும் குறிப்பும் வரிசையாக இருந்தன. பதில்களை எழுதிக் கொடுத்தது சிட்டு. பச்சை என்றால் 'போகலாம்'. மஞ்சள் என்றால் 'சுத்திப் போகணும்'. சிவப்பு என்றால் 'இரு'. பக்கத்துக்குப் பெயர் வைத்ததும் அவள்தான்: 'அம்மா போகலாமா?'

"அப்பா போகலாமான்னு ஒண்ணு இல்லையா?" என்று கேட்டார் அத்தான்.

"நீ எப்பவும் போகலாம்பா. உன்னை யாரும் கேக்கல."

முதல் வாரம் பச்சையாகவே போனது. ஆறாம் நாள் புயல் மழையில் ரயிலே நின்றுவிட்டது. ஊரில் பாதிப் பேருக்குத் தாமதம், அக்காவுக்கும் தாமதம். டாக்டரம்மா வருத்தத்தோடுதான் அதைக் கணக்கில் வைத்தார். மூன்றில் ஒன்று போயிற்று.

மூன்றாம் வாரம், சக்கர நாற்காலிக்காரர்களும் குழந்தை வண்டி தள்ளுகிற தாய்மார்களும் சேர்ந்த ஒரு குழுவில் யாரோ இந்தப் பக்கத்தைப் பகிர்ந்துவிட்டார்கள். இப்போது எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று பக்கத்தின் அடியில் தங்கை ஓர் எண் வைத்திருந்தாள். அதுவரை ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அந்த வியாழக்கிழமை அது நாற்பது ஆயிற்று, நூறு ஆயிற்று, முந்நூறைத் தாண்டியது.

"சித்தி, முந்நூத்திப் பன்னெண்டு!" என்று சிட்டு குதித்தாள்.

தங்கையும் மனதுக்குள் குதித்தாள். அலுவலகத்தில்கூட வேலையை விட்டுவிட்டு அந்த எண்ணையே எட்டி எட்டிப் பார்த்தாள். அது தப்பில்லை. தன்னால் நாலு பேருக்கு நல்லது நடக்கிறது என்றால் யாருக்குத்தான் சந்தோஷம் வராது? ஆனால் அவள் பார்த்தது எண்ணைத்தான். அந்த எண் யாருடைய முதுகில் ஏறி நிற்கிறது என்று பார்க்கவில்லை.

மறுநாள் வெள்ளி, பதினைந்தாம் நாள். ஏழே முக்காலுக்குத் தங்கையின் போன் அடித்தது.

"உன் பக்கம் பச்சையா இருக்குடி," என்றாள் அக்கா. குரல் மிகவும் நிதானமாக இருந்தது. "நான் கீழ இருக்கேன். லிஃப்ட் செத்துக் கிடக்கு."

"இரு அக்கா, பார்க்கறேன்..."

"பார்த்து என்ன செய்ய? ரெண்டு பசங்க தூக்கறோம்னு வந்தாங்க. மோட்டார் நாற்காலி, அவங்க இடுப்பு போயிடும். பின்னாடி போற ரயிலைப் பிடிச்சு முந்தின ஸ்டேஷன்ல இறங்கறேன். அங்கதான் சாய்தளம் இருக்கு. எட்டே முக்கால் ஆயிடும். பச்சையை நம்பித்தான்டி வந்தேன்."

அதற்கு மேல் அவள் ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தங்கைக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மூன்றில் இரண்டு போயிற்று. இன்னும் பதினைந்து நாள் இருந்தது.

தங்கை அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு மேசையில் உட்கார்ந்தாள். முதல் தவறு பத்து நிமிடத்தில் கண்ணில் பட்டது. லிஃப்ட் பட்டியலில் 'பழுது' என்று ஒரு வரி வந்தால் பச்சையை மாற்று என்று எழுதியிருந்தாள். பட்டியலே பதில் சொல்லாவிட்டால் என்ன செய்வது என்று எழுதவே இல்லை. பதில் வரவில்லை, அதனால் பழுது என்ற வரியும் வரவில்லை, அதனால் பச்சை. ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து இவருக்கு ஒரு குறையும் இல்லை என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோமே, அதே பிழை.

பட்டியல் ஏன் பேசவில்லை? அதைத் தேடியபோதுதான் இரண்டாவது தவறு கிடைத்தது. அவள் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கும் ஒவ்வொரு போனும் ஐந்து வினாடிக்கு ஒரு முறை அந்தப் பட்டியலிடம் போய்க் கேட்டது. வந்த பதிலை ஒரு நிமிடம் கையில் வைத்துக்கொண்டு எல்லாருக்கும் அதையே காட்டு என்று அவள் சொல்லிவைக்கவில்லை. அக்கா ஒருத்தி மட்டும் பார்த்தபோது அதில் ஒரு கெடுதலும் இல்லை. முந்நூறு பேர் பார்த்தபோது, அன்று விடிந்து இரண்டு மணி நேரத்தில் நாலு லட்சம் கேள்விகள்.

பட்டியலின் முதல் பக்கத்தை அப்போதுதான் முழுதாகப் படித்தாள். 'தயவுசெஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவைக்கு மேல கேக்காதீங்க. இது எங்க வீட்டு ஃபிரிட்ஜ் மேல இருக்கற சின்னக் கம்ப்யூட்டர் பொட்டி. பாவம்.'

அவள் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டாள். பள்ளியிலிருந்து வந்த சிட்டு, பையைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சித்தி, லிஃப்ட் ஒண்ணும் சொல்லலன்னா நீ என்ன காட்டின?"

"பச்சை."

"பொய்தானே அது?"

"தெரியாமச் செஞ்சது."

"தெரியாதுன்னா தெரியலன்னு காட்டணும்," என்றாள் சிட்டு. அவள் வகுப்பில் அப்படித்தான் போலிருக்கிறது.

அன்றே பக்கத்தில் நாலாவது நிறம் வந்தது. சாம்பல் நிறம், அதன் மேல் 'தெரியல'. அன்றைய தகவல் வராத லிஃப்ட்டுக்கெல்லாம் இனி அதுதான். பதிலை ஒரு நிமிடம் வைத்துக்கொள்ளும் ஏற்பாடும் வந்தது. நிரலைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. ஆனால் அவள் மனதில் முடியவில்லை. அந்தப் பெட்டி இன்னும் மூச்சுவிடவில்லை. யாரோ ஒருவர் வீட்டுக்கு வந்து, பழசாகிப்போச்சு, அதான் நின்னுபோச்சு என்று நினைத்துக்கொள்வார். நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. தங்கை சிறிது நேரம் கண்ணை மூடி, கடவுளே, எனக்கு வார்த்தையைக் கொடு என்று வேண்டிக்கொண்டாள். பிறகு பட்டியலில் இருந்த முகவரிக்கு எழுதினாள். தான் யார், என்ன செய்தோம், எத்தனை கேள்விகள், எல்லாவற்றையும். பெட்டிக்கு ஆன செலவை ஏற்கிறேன் என்றும் எழுதினாள்.

பதில் மறுநாள் மதியம் வந்தது.

'வணக்கம்மா. பொட்டி காலியாயிடுச்சு. என் வீட்டம்மா விசிறி வெச்சுப் பாத்தா, எழுந்திருக்கல. செலவெல்லாம் வேணாம், அது ஏற்கெனவே யாரோ தூக்கிப் போட்டதுதான். நான் லிஃப்ட் மெக்கானிக். தெனம் காலைல எல்லா லிஃப்ட்லயும் ஒரு தடவை ஏறி இறங்கிப் பாக்கணும், அதான் வேலை. ஒரு நாள் ஒரு அம்மா கைக்குழந்தையோட முக்கால் மணி நேரமா கீழ நின்னுட்டிருந்தாங்க. பழுதுங்கற பலகை மேல மட்டும்தான் மாட்டியிருந்தாங்க. அன்னைலேந்து போன்ல தட்டிப் போட ஆரம்பிச்சேன். மூணு வருஷம் ஆச்சு. யாராவது பாக்கறாங்களான்னே தெரியாது. போன மாசம் நிறுத்திடலாம்னு கூட நினைச்சேன். பொட்டியைக் கொல்ற அளவுக்கு ஆளு இருக்காங்கன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. ரொம்ப சந்தோஷம்மா.'

தங்கை அதை இரண்டு முறை படித்தாள். மூன்றாம் முறை எழுத்துகள் கலங்கித் தெரிந்தன.

பட்டியலைத் தன் சர்வரிலேயே ஓர் இடம் ஒதுக்கி வைத்துக்கொடுத்தாள். அவர் வழக்கம்போல் போனில் தட்டினால் போதும். அவரே அதன் கடவுச்சொல்லை அவளுக்கும் அனுப்பினார். 'உங்க கிட்டயும் ஒண்ணு இருக்கட்டும். எங்கயாவது உடைஞ்சா சரி பண்ணிடுங்க.'

'உங்களுக்கு நான் கடன்பட்டிருக்கேன்' என்று அவள் எழுதினாள். அதற்கு அவர் பதில் போடவில்லை. அதை ஒரு பேச்சாகவே அவர் எடுத்துக்கொள்ளவில்லை போலும்.

அடுத்த ஏழு வேலை நாட்கள் ஒழுங்காகப் போயின. அக்காவுக்கும் அந்தக் குறிப்புகள் பழகிவிட்டன. காலையில் கோட்டை மாட்டிக்கொண்டே, "உங்க லிஃப்ட்டப்பா இன்னைக்கு என்ன சொல்றாரு?" என்று கேட்பாள்.

இருபத்து மூன்றாம் நாள், புதன்கிழமை மாலை, மெக்கானிக்கிடமிருந்து கடிதம். 'நாளைக்குக் கண்ணு ஆபரேஷன்மா. பத்து நாளைக்கு போன் பக்கமே போகக் கூடாதுன்னுட்டாரு டாக்டர். எனக்குப் பதிலா வர்ற ஆளு லிஃப்ட்டைப் பாப்பான், ஆனா பட்டியல் கிட்டியல் எல்லாம் அவனுக்குப் பிடிக்காது. அதனால பட்டியல் பத்து நாள் தூங்கட்டும். மன்னிச்சுக்கோங்க.'

நாளையிலிருந்து எல்லாம் சாம்பல். அக்காவுக்கு இன்னும் ஏழு நாள், மிச்சமிருப்பது ஒரே ஒரு தாமதம்.

தங்கை அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை. மெக்கானிக்கின் தோளுக்கு மேல் இன்னும் ஒரு சுமை ஏற வேண்டாம் என்று, 'நல்லா ஓய்வெடுங்க, உங்களுக்காகக் கும்பிட்டுக்கறேன்' என்று மட்டும் பதில் போட்டாள். மறுநாள் காலை ஐந்து மணி முதல் ரயிலில் ஏறினாள்.

ஒவ்வொரு நிலையமாக இறங்கினாள். லிஃப்ட் பொத்தானை அழுத்தினாள். உள்ளே போய் மேலே ஏறி, கீழே இறங்கி, வெளியே வந்து போனில் தட்டினாள்: 'ஓடுது'. அடுத்த ரயிலைப் பிடித்தாள். ஏழு நிலையம், பதினோரு லிஃப்ட். முடித்து வீட்டுக்கு வரும்போது ஏழு தாண்டிவிட்டது. அக்கா கிளம்பிப் போயிருந்தாள். அத்தான் சிட்டுவுக்குத் தலை பின்னுவதாக நினைத்துக்கொண்டு கயிறு திரித்துக்கொண்டிருந்தார்.

"மச்சினி, எங்கேந்து வர்றே?"

"வாக்கிங் போனேன் அத்தான்."

"நீயா? லாப்டாப்புக்கு சார்ஜர் எடுக்கவே என்னைக் கூப்பிடற ஆளு. எத்தனை கிலோ குறைஞ்சுது?"

"அரைக் கிலோ."

"அது செருப்புல தேஞ்சதா இருக்கும். பாத்துக்கோ."

வெள்ளிக்கிழமையும் போனாள். சனிக்கிழமை அக்காவுக்கு விடுமுறை. தங்கை போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். ஒன்பது மணிக்குப் பல் துலக்கிக்கொண்டே பக்கத்தைத் திறந்தாள். பதினோரு லிஃப்ட்டும் சாம்பல். 'தெரியல', 'தெரியல', 'தெரியல'. அடியில் இருந்த எண், நாற்பத்தொன்று. நாற்பத்தொரு பேர் எங்கெங்கோ கிளம்பி நின்றுகொண்டு அந்தச் சாம்பலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெக்கானிக்குக்கு அக்காவைத் தெரியாது. மூன்று ஆண்டுகளாக யாரையும் தெரியாமல்தான் அவர் தட்டியிருக்கிறார். அதில் சனி, ஞாயிறு என்று ஒரு நாளும் விடுபட்டதில்லை. வாயில் நுரையோடு தங்கை நின்றுகொண்டே இருந்தாள். மணி ஒன்பதேகால் ஆகிவிட்டது, இனிமேல் ஓடியும் பயனில்லை. ஞாயிறு காலை எழுந்துவிடலாம் என்று நினைத்தாள். நல்ல மனிதர்களுக்கும் தூக்கம் வரும். ஞாயிறும் சாம்பலாகவே போயிற்று.

திங்கள்கிழமை தங்கை மறுபடி முதல் ரயிலைப் பிடித்தாள். அன்று காலை அக்கா கோட்டை மாட்டிக்கொண்டு தன் போனைப் பார்த்து முகம் சுளித்தாளாம். செவ்வாய் இரவுச் சாப்பாட்டின்போது சொன்னாள்:

"ஏன்டி, நம்ம மெக்கானிக் ரொம்ப உம்முனு இருக்காரே? வெறும் ஓடுது, ஓடுது. ஒரு நக்கல் இல்ல, ஒண்ணும் இல்ல. வீட்ல ஏதாவது சண்டையோ?"

தங்கை சாதத்தைப் பிசைந்தாள். "வேலை அதிகமா இருக்கும்."

மறுநாள் மூன்றாவது நிலையத்தில் லிஃப்ட் ஒரு குலுக்கலோடு கிளம்பியது. தங்கை நெடுநேரம் யோசித்துத் தட்டினாள்: 'கொஞ்சம் குலுக்கறான். தூக்கக் கலக்கம்னு நினைக்கிறேன்.' தொழிலில் ஆயிரக்கணக்கான வரிகள் எழுதியிருக்கிறாள். இந்த ஒரு வரிக்கு வேர்த்துவிட்டது.

"ஆ, பழைய மனுஷன் திரும்பிட்டாரு!" என்றாள் அக்கா. "ஆனா முன்ன மாதிரி கூர்மை இல்ல."

"வயசாகுதுல்ல," என்றாள் தங்கை.

வெள்ளிக்கிழமை, முப்பதாம் நாள். வழக்கத்துக்கு மாறாக அன்று தங்கை அக்காவின் பரிசோதனைக்கூடம் இருக்கும் நிலையத்துக்கே முதலில் போனாள். அதுதான் பாதையின் கடைசி நிலையம். ஏன் அப்படித் தோன்றியது என்று அவளால் பிறகும் சொல்ல முடியவில்லை. அதை நான் தற்செயல் என்று எழுத மாட்டேன்.

ஐந்து மணி நாற்பது. பொத்தானை அழுத்தினாள். உள்ளே எங்கோ ஒரு முனகல் கேட்டது. கதவு ஒரு சாண் திறந்து, அப்படியே நின்றுவிட்டது. இன்னொரு முறை அழுத்தினாள். கதவு அசையவில்லை. இடுக்கு வழியாக உள்ளே பார்த்தாள். சுவரில் ஒரு சின்ன விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. அதற்குத் தெரிந்திருந்தது.

'பழுது' என்று தட்டினாள். கொஞ்சம் நிறுத்தி, 'வாயைத் திறந்துட்டு சொல்ல வந்ததை மறந்துட்டான். சுத்திப் போங்க' என்று சேர்த்தாள். பிறகு தன் பக்கத்தைத் திறந்து பார்த்தாள்.

நான்கு தளங்களும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. லிஃப்ட் பழுது, அதனால் முந்தின நிலையத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து தாழ்தளப் பேருந்து ஏழு இருபத்தைந்துக்கு. அதற்கு அடுத்தது எட்டு மணிக்குத்தான். ஏழே முக்காலுக்கு மழை, மழையில் சாய்தளம் வழுக்கும். எல்லாம் கூடி ஒரே பதில், மஞ்சள்: 'சுத்திப் போகணும். ஆறரைக்கே கிளம்பு.'

வீட்டில் என்ன நடந்தது என்பதை அத்தான்தான் பிறகு நடித்துக் காட்டினார். ஆறு மணிக்கு அவர் ரொட்டிப் பையோடு நுழைகிறார். சிட்டு அரைத்தூக்கத்தில் போனைப் பார்த்து, "அம்மா, மஞ்சள்! மஞ்சள்!" என்று கத்துகிறாள். அக்கா ஒரு கையில் சீப்பு, வாயில் கிளிப். "இன்னைக்குன்னு பாத்தா வரணும்?" என்கிறாள். அத்தான் சூடான ரொட்டியை அவள் மடியில் வைத்து, நாற்காலியைத் திருப்பி வாசலுக்குத் தள்ளிவிடுகிறார்.

தங்கை அன்று மீதி ஆறு நிலையங்களையும் முடித்தாள். அவசரத்தில் இரண்டு இடத்தில் தவறாகத் தட்டித் திருத்தினாள். எட்டு அடிக்க எட்டு நிமிடம் இருக்கும்போது போன் அடித்தது.

"உள்ள வந்துட்டேன்டி," என்றாள் அக்கா. பின்னால் கண்ணாடிக் குழாய்கள் உரசும் சத்தம். "மழை இப்பதான் ஆரம்பிக்குது. ரத்தம் இன்னும் வரல. நான் அதுக்கு முன்னாடி வந்துட்டேன்."

மாலையில் டாக்டரம்மா கையெழுத்துப் போட்ட காகிதத்தை அக்கா மேசைமேல் வைத்தாள். யாரும் அதைத் தொடவில்லை, எண்ணெய்க் கை பட்டுவிடும் என்று. சிட்டு மட்டும் குனிந்து மோந்து பார்த்தாள்.

"அந்த மெக்கானிக் மட்டும் காலைல போடலன்னா இன்னைக்கு என்ன ஆகியிருக்கும்?" என்றாள் அக்கா. "எனக்காக அவருக்கு ஒரு நன்றி எழுதுடி. நல்லா எழுது."

"எழுதறேன் அக்கா."

அன்றே எழுதினாள். 'உங்க பட்டியலால எங்க அக்காவுக்கு வேலை நிலைச்சது. கண்ணு சரியானதும் படிங்க.' அதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை.

"நாளைக்கு வாக்கிங் உண்டா?" என்று கேட்டார் அத்தான். "சனிக்கிழமையாச்சே. அக்காவே பத்து மணி வரைக்கும் தூங்கப் போறா."

"பார்க்கலாம் அத்தான்," என்றாள் தங்கை.

சனிக்கிழமை. மெக்கானிக்கின் பத்து நாளில் கடைசி நாள். நாலு ஐம்பதுக்குப் போன் அதிர்ந்தது. தங்கை அதை அணைத்தாள். அக்காவின் அறையிலிருந்து சீரான மூச்சுச் சத்தம் வந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தாழ்ப்பாளை ஓசையில்லாமல் நீக்கினாள்.

முதல் நிலையத்தில் நடைமேடை இன்னும் ஈரமாக இருந்தது. பக்கத்தைத் திறந்து பார்த்தாள். பதினோரு சாம்பல். அடியில் இருந்த எண், இரண்டு. ஒன்று அவள். இன்னொன்று யாரோ. ஒருவேளை ஒரு குழந்தை வண்டி. ஒருவேளை சனிக்கிழமையும் வேலைக்குப் போகிற யாராவது.

பொத்தானை அழுத்தினாள். கதவு திறந்தது. உள்ளே போய் மேலே ஏறினாள், கீழே வந்தாள். வெளியே நின்று தட்டினாள்: 'ஓடுது.' பெயர் போட அங்கே இடமும் இல்லை. சாம்பல் மெல்லப் பச்சையாயிற்று.

சிறிது நேரத்தில் அடியிலிருந்த எண் ஒன்றாகக் குறைந்தது. அவர் கிளம்பிவிட்டார்.

மேலே இன்னொரு லிஃப்ட் பார்க்க வேண்டியிருந்தது. ரயிலில் வந்து இறங்கும் யாருக்காவது இருக்கட்டும் என்று இதைக் காலியாகவே கீழே விட்டுவிட்டு, தங்கை படியேறினாள்.